இரண்டு பேருக்கு ஒரு லாகின்

கச்சால் தீவில் சுனாமி அலை வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு, தகரக் கொட்டகை முகாமில் ஆட்களின் பெயர்களைக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் மென்பொருள் எழுத வந்த கதை அவ்வளவுதான். நடுவில் ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் பாத்திரம் கழுவினேன், சாத்தம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். சில வருடம் கழித்து டெலானிபூரில் ஒரு அலுவலகத்தில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தேன். படகு டிக்கெட் விற்கும் மென்பொருள். அலுவலகம் என்றால் நானும் மேனேஜரும். தலைமை சென்னையில்.

சேரும்போதே சொல்லிவிட்டார்கள்: ஆறு மாதம் கழித்து, சென்னைக் களஞ்சியத்தில் என் பெயரில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துத்தான் நிரந்தரம்.

களஞ்சியம் என்பது நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எதற்குச் செய்தார் என்று குறித்துவைக்கும் இடம். சென்னையில் இருந்தது பழைய வகை. ஒரு வரியை மாற்றிச் சேர்க்கவும் மெயின்லேண்டுக்கு இணைய லைன் வேண்டும். எங்கள் லைன் செயற்கைக்கோள் வழியாக வருவது. மேகம் வந்தால் போய்விடும். இங்கே மேகம் வருடத்தில் பாதி நாள் வரும்.

அதனால் நானே படித்து, 'கிட்' என்ற புது வகையைப் போட்டேன். அதில் மொத்தக் களஞ்சியமும் என் கணினியிலேயே இருக்கும். லைன் வரும்போது ஒரு சிறு நிரல் நடுவில் நின்று, என் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சென்னையில் ஏற்றிவிடும். முதல் பிரதி எடுப்பதுதான் பாடாக இருந்தது. நான்கு முறை லைனில் இழுத்தேன், நான்கு முறையும் பாதியில் அறுந்தது. கடைசியில் சென்னைக்குக் கப்பலில், மலிவான பங்க் வகுப்பில் மூன்று நாள் போய், ஒரு மத்தியானத்தில் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, மூன்று நாள் திரும்பி வந்தேன். லைனைவிட அதுதான் வேகம்.

தீவுக்குச் சென்னை கொடுத்தது ஒரே லாகின், மேனேஜர் பெயரில். என் கணினியில் என் பெயரோடு இருக்கும் மாற்றம், அங்கே ஏறியதும் அவர் பெயராகிவிடும். தனி லாகின் கேட்டேன். ஒரே கூரைக்குக் கீழே ரெண்டு லாகின் எதுக்கு தம்பி என்றார் மேனேஜர். ஒரு வார வேலை கால் மணி நேரத்தில் ஏறுவதைப் பார்த்த சென்னை, அவர் அசுர வேகக்காரர் என்று நம்பிவிட்டது. மாதக் கூட்டத்தில் பாராட்டினார்கள். அவர் மறுக்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மாற்றம் அவரே செய்தார். அதிகாரிகளுக்கு இரண்டு இருக்கைகளை எப்போதும் ஒதுக்கிவைக்க வேண்டுமாம். தன் கணினியில் தன் பெயரிலேயே எழுதி, 'சின்னத் திருத்தம்' என்று குறிப்புப் போட்டு எனக்கு அனுப்பினார். நான் படிக்காமல் ஏற்றினேன்; அது என் தப்பு. ஒதுக்கிய இருக்கைகளை விற்பனையிலிருந்து எடுக்க அவர் மறந்திருந்தார். மறு வாரம் ஹேவ்லாக் படகில் அதே இரண்டு இருக்கைகளுக்கு ஒரு அதிகாரியும் மனைவியும், தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடியும் டிக்கெட்டோடு நின்றார்கள். தேனிலவு ஜோடி உட்கார்ந்துவிட்டது.

சென்னையிலிருந்து தலைவர் போன் செய்தார். என் ஆறு மாதம் முடிய பத்து நாள் இருந்தது. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், லாகின் மட்டும்தான் என்னோடது. வேலை செஞ்சது டெம்பரவரி ஆளு. படிப்பு கம்மி சார், க்யா கரே, என்ன பண்றது."

நான் என் பிரதியைத் திறந்து சத்தமாகப் படித்தேன்: தேதி, சின்னத் திருத்தம், மேனேஜரின் பெயர். பிறகு அதற்கு முன்னால் இருந்தவற்றையும் படித்தேன். எல்லாம் என் பெயர். தலைவர் தன் பக்கத்தில் கீபோர்டைத் தட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"எங்க லிஸ்ட்ல அப்படி இல்லையேப்பா" என்றார் கடைசியில்.

என் பிரதியை டிஸ்கில் போட்டுக் கப்பலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கம்பெனியின் பதிவு சென்னையில் இருப்பதுதான், தீவில் இருப்பது சொந்த நகல். அந்தப் பதிவின்படி மேனேஜர் நூற்றுக்கணக்கான நல்ல மாற்றங்களும் ஒரே ஒரு தவறும் செய்தவர். அவருக்குப் பதவி உயர்வு, சென்னைக்கு மாற்றல். என் பெயரில் ஒன்றுமில்லாததால் எனக்கு இன்னும் ஆறு மாதம் தற்காலிகம். கூடவே, தனி லாகின்.

அந்த லாகினை நான் தொடவில்லை. அடுத்த கப்பல் எங்கே போகிறது என்று விசாரித்துவிட்டு, பையைக் கட்டினேன். கிளம்பும்போது மேனேஜர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தணிந்திருந்தது.

"தம்பி, அங்க போனா நானே ஏத்தணும். எப்படி ஏத்துறதுன்னு ஒருவாட்டி காட்டிட்டுப் போறியா?"

"லாகின் உங்களோடது சார்" என்றேன். "அது போதும்."