பிளேன் கல்

இரண்டு வருடங்களுக்கு முன், நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் நடந்தது இது. இலங்கையில் நடந்த விமான விபத்துகளைப் பட்டியலிட்டு எழுதுவது எனக்குக் கிடைத்த ஒப்படை. யாத்திரிகர்களோடு வந்து மலையகத்தில் மலையில் மோதியது, கட்டுநாயக்காவில் இறங்குமுன் தென்னந்தோட்டத்தில் விழுந்தது, யுத்த நேரம் வடக்கிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுக் கடலில் விழுந்தது என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் விமானம் ஏறியதில்லை. பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்ததும் நான் ஒருவன்தான். அதனாலோ என்னவோ, வாசிக்க வாசிக்க விடவே மனம் வரவில்லை.

அதில் ஒரு வரி மண்டைக்குள் நின்றுவிட்டது. உலக யுத்த காலத்தில் கிழக்குக் கடலில் விழுந்த ஒரு விமானம், சிதைவு கண்டுபிடிக்கப்படவில்லை.

என் மச்சானிடம் சொன்னேன். மாமாவின் மகன், என்னைவிட மூன்று வயது மூத்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கண்டுபிடிக்கல்லயாமா? நான் கிழமைக்கி ரெண்டு தரம் அங்கதான்டா போறன்!"

கடலடியில் மீன் கூடுகிற மேட்டை எங்கள் ஊரில் கல் என்பார்கள். மச்சானின் கல்லுக்குப் பெயர் பிளேன் கல். மாமா அவனுக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். இடம் வேறு யாருக்கும் தெரியாது. மூன்று நாள் கெஞ்சிய பிறகு என்னையும் படகில் ஏற்றினான்.

கரை மறைந்து வெகுநேரம் கழித்து, வெறும் தண்ணீரின் நடுவே இயந்திரத்தை நிறுத்தினான். தூண்டில் போடுமுன் போத்தலில் இருந்த குடிதண்ணீரில் கொஞ்சத்தைக் கடலில் ஊற்றினான்.

"ஏன் மச்சான்?"

"உப்புத் தண்ணிக்குள்ளயே கிடக்கிறானுகள், பாவம். சாகக்குள்ள வாப்பா எண்டானோ அம்மா எண்டானோ, ஆருக்குத் தெரியும்?"

பிறகு, இரை வெட்டுகிற தகட்டைக் கழுவி என் கையில் தந்தான். எப்போதோ தூண்டிலில் மாட்டி வந்ததாம். அலுமினியம். ஓரத்தில் வரிசையாக ஆணி அறைந்திருந்தது, மங்கலாகப் பச்சை நிறம்.

"இதை வெளியில சொன்னா என்ன மச்சான்?"

"செத்தவன்ர வீட்டு ஆக்கள் வந்து கேட்டா நானே கூட்டிட்டுப் போவன். பழைய தகரம் வாங்கி விக்கிறவனுக்குச் சொல்ல மாட்டன். அவன் வந்தா எலும்போட சேத்து அள்ளிப் போடுவான். பிறகு எனக்கு மீனும் இல்ல."

இடத்தைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் தகட்டைப் படம் எடுத்தேன். களவேலையில் படம் எடுக்கும்போது அளவு தெரிய ஏதாவது பொருளைப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். கைக்கு எட்டியதை எடுத்து வைத்தேன்.

கரையை நெருங்கும்போது சிக்னல் வந்தது. பெருமை தாங்காமல் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன்.

படகை இழுத்துவிட்டு, "காட்டு பாப்பம், கம்பஸ்" என்றான் மச்சான். பல்கலைக்கழகம் போனதிலிருந்து அவன் எனக்கு வைத்த பெயர் அது. போனை வாங்கிப் பார்த்தவனின் சிரிப்பு நின்றது. தகட்டுக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்தது அவனுடைய ஜீபிஎஸ். திரையில் தெரிந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தான். கடைசி இலக்கம் வரைக்கும்.

"எனக்கு எழுத்துத்தான் தெரியாது. இலக்கம் தெரியும்."

உடனே அழித்தேன். அதற்குள் ஒன்பது பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒருவனின் வீட்டில் இரண்டு படகு. அவனுக்குப் போன் எடுத்தால், "என்னடா அது, பழைய தகரமா?" என்று கேட்டான். அது நடிப்பா நிஜமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மச்சான் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த ஒரு மாதம், மீன் இருக்கிறதோ இல்லையோ, தினமும் முதலில் பிளேன் கல்லுக்குத்தான் போனான், வேறு படகு நிற்கிறதா என்று பார்க்க. நானும் தினமும் போன் எடுப்பேன். "ஒருத்தனும் இல்ல" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடுவான். ஒரு நாள், "ஒருத்தனும் இல்ல. ரெண்டு கலவாய் மீன் பட்டிச்சு, வந்து சோறு தின்னு" என்றான். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தத் தகடும் பட்டியலில் இருந்த விமானமும் ஒன்றுதானா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒப்படையில் அந்தப் படத்தைச் சேர்க்கவில்லை. ஆனால், சிதைவு கண்டுபிடிக்கப்படவில்லை என்ற வரியையும் அப்படியே எழுதக் கை வரவில்லை. "பட்டியல் எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதினேன். விரிவுரையாளர் அதன் கீழே சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

இப்போதும் எங்காவது "கண்டுபிடிக்கப்படவில்லை" என்று வாசித்தால், யாரிடமெல்லாம் கேட்காமல் விட்டார்கள் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொண்டதை எப்படிக் காப்பாற்றுவது என்பதை அதற்குப் பிறகு.