சும்மாதான் கழுவுறன்

போன கிழமை, ஒன்பதாம் நம்பர் கபினில் கழிவறையைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது பின்னால் ஒரு குரல் - "அக்கா... நீங்களே?"

தமிழில்! நோர்மண்டிக் கடற்கரையில்!

திரும்பினால், வசந்தி. பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில், ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் மரக்கறிக்கடை வைத்திருக்கிற அதே வசந்தி. என் கண்ணில் படாமலே குடும்பமாக இரண்டு நாள் தங்கிவிட்டுக் காலையில் வெளிக்கிட்டவர்கள், மறந்துபோன புட்டுப்பானையை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார்கள். குசினியில் மிளகாய்த்தூள் மணத்தபோதே நான் உசாராகியிருக்க வேண்டும். இரண்டு கையிலும் ரப்பர் கையுறை, கன்னத்தில் நுரை... எங்கே ஒளிக்கிறது?

ஏன் ஒளிக்க வேண்டும் என்கிறீர்களா? நான் விடுமுறைக்குப் போயிருக்கிறேன் என்றுதான் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தோம். அது முழுப் பொய்யும் இல்லை. அந்தக் காம்பிங்கை, கடற்கரை விடுமுறை முகாமை, ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறது. கடலையே காணாத பிள்ளைகளைக் குடும்பத்தோடு கூட்டிவந்து மரக் கபின்களில் தங்கவைப்பார்கள். மிச்சக் கபின்கள் மற்றவர்களுக்கு வாடகைக்கு. வருகிற சனங்களை வரவேற்று, அவர்கள் போனதும் கபினைக் கழுவித் துடைத்து வைக்க ஒவ்வொரு கோடையும் ஆள் தேடுவார்கள். சம்பளம் இல்லை. படுக்க ஒரு பழைய காரவான் வண்டி, பின்னேரம் கடல். நானே எழுதிக் கேட்டுத்தான் போனேன், மூன்று கிழமைக்கு.

இவருக்கு - என் மனுசனுக்கு - அன்றைக்கே கொதி.

"பதினைஞ்சு வருசம் ஹோட்டல் அறை கழுவினது காணாதே? இப்பதான் ஒஃபிஸிலை கதிரையிலை இருக்கிறீர். அங்கை போய்ச் சும்மா கழுவப் போறீரோ? உமக்கு விசரே?"

விசர்தான்! அந்தக் கதிரையில் இருந்து இருந்து எனக்குக் கால் ஊருகிறது. லீவில் வீட்டில் நின்றால் ஒரே அலுமாரியை மூன்று தரம் அடுக்குவேன். ஹோட்டலில் நான் விரித்த கட்டிலில் ஆர் படுத்தார் என்று ஒரு நாளும் கண்டதில்லை. இங்கே, நான் துடைத்த கதவைத் திறந்து ஒரு சின்னப்பிள்ளை "இது எங்கடையா?" என்று தாயைக் கேட்டதை வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் பதினைந்து வருசத்தில் எனக்கு வந்ததில்லை.

வசந்தி குரலைத் தாழ்த்தினாள். "என்னக்கா, வேலை போட்டுதோ?"

"சீ, இல்லை. சும்மாதான் கழுவுறன்."

அங்கேதான் பிழைத்தது. பிரெஞ்சில் 'பெனெவோல்', சம்பளமில்லாத் தொண்டர், என்றால் அலுவல் முடிந்தது. எங்கள் 'சும்மா' இருக்கிறதே... காசு வாங்காமல் செய்தாலும் சும்மா. காரணமில்லாமல் செய்தாலும் சும்மா. கண் கலங்கி நிற்கிறவரிடம் "என்ன?" என்று கேட்டால், மறைப்பதற்குச் சொல்வதும் சும்மாதான். வசந்தி இதில் எதை எடுத்தாள் தெரியுமோ? கடைசியை! நுரைக் கையுறையோடு இருந்த என் கையைப் பிடித்தாள்.

"விளங்குது அக்கா. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

ஐயோ! வசந்தி சொல்ல மாட்டன் என்றால் லா சப்பல் முழுக்கச் சொல்லியாச்சு என்று அர்த்தம்.

சனிக்கிழமை, பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரானில் இருக்கிற வீட்டுக்கு வந்தேன். திங்கள் திரும்பிப் போக வேண்டும். நான் சப்பாத்துக் கழற்ற முதலே கதை வந்துவிட்டது. எனக்கு வேலை போய்விட்டதாம். வீட்டை விற்கப் போகிறோமாம். இவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"திங்கள் நீர் போகேலாது. காணும்."

குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்தேன், நடந்தேன். அடுத்த குடும்பங்கள் வரப்போகின்றன, கபின் கழுவ ஆளில்லை. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை விடுங்கள்... எனக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். கோயில் தேருக்கு இதே சனம்தான் அன்னதானக் கிடாரம் கழுவுகிறது, சிதறிய தேங்காயைக் கூட்டி அள்ளுகிறது. அதற்குப் பெயர் தொண்டு, படம் எடுத்தும் போடுவோம். ஆரோ பெற்ற பிள்ளை படுக்கிற கபினைக் கழுவினால் மட்டும் வேலை போட்டுதோ?

ஞாயிறு மரக்கறி வாங்க லா சப்பலுக்குப் போனோம். நான் மாட்டேன் என்றேன். "வராட்டி இன்னும் கதைப்பினம்" என்று இவர்தான் இழுத்துப் போனார். வசந்தியின் கடைக்குள் ஏழெட்டுப் பேர். நாங்கள் நுழைந்ததும் எல்லோரும் குனிந்து வெண்டிக்காய் பொறுக்கத் தொடங்கினார்கள். வசந்தி முருங்கைக்காயைச் சுற்றியபடி, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அண்ணை, அக்காவை இனி அங்கை விடாதேங்கோ. இஞ்சை கடையிலை ஆள் தேவைதான். நாங்கள் பாப்பம்."

பாவம், நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. நான் வாய் திறக்க முதல் இவர் முந்திவிட்டார்.

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. அவ தன்ரை விருப்பத்துக்குச் செய்யிறா." ஒரு மூச்சு வாங்கினார். "நானும்தான் நாளைக்குப் போறன். லீவும் எடுத்தாச்சு!"

லீவா? ஆர் எடுத்தது? எப்போது?

கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார். படியிறங்கும்போது, என்னைப் பாராமலே கேட்டார்: "அங்கை கபினுக்கை சப்பாத்தைக் கழட்டோணுமோ?"

அன்றிரவுதான், வேலை செய்கிற ரெஸ்ரோரண்டில் முதலாளியைக் கெஞ்சி லீவு வாங்கினார். இதை நான் எழுதும் நேரம், ஐந்தாம் நம்பர் கபினில் முழங்காலில் நிற்கிறார். நான் விரலால் தடவிப் பார்த்து, "இன்னொருக்கால் தேயுங்கோ" என்றுவிட்டு வந்தேன்.

ரோசத்தில் ஒரு வரி சொல்லிவிட்டார், மனுசன்... தேய்த்து முடிக்க இன்னும் இரண்டு கிழமை கிடக்குது!