சுவரில் ஒரு கோடு

வெள்ளம் புகுந்த வீட்டைக் காயவைப்பதும், தீப்பிடித்த வீட்டில் கரியைத் தேய்த்து எடுப்பதும்தான் என் பிழைப்பு. வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டியே காலம் தள்ளுகிறவரா நீங்கள்? அப்படியானால் நம்ம கட்சிதான், கேளுங்கள்.

கழுவி விட்ட வீடு

திருவாலங்காட்டில் ஒரு வீடு. கூடம்வரை மழைத்தண்ணீர் என்று அந்த அம்மா போனில் அழாத குறை. எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, காற்றூதும் மிஷின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். போய்ப் பார்த்தால் வாசலில் பளிச்சென்று கோலம். உள்ளே தரையெல்லாம் புதுத் தண்ணீர். ஊறிப்போன சுவருக்கும் பைப்பைப் பிடித்து அடித்திருந்தார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

"வெளி ஆளுங்க வர்றீங்க, ஊடு அசிங்கமா இருந்தா நல்லாவா இருக்கும்? அதான் கய்வி வுட்டேன்."

பளிச்சென்று ஒரு சமையலறை

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகும் ஒருவரின் வீடு. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டு சமையலறை முழுக்கக் கரி. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. நாங்கள் தேய்த்த தேய்ப்பில் சுவர் புதிதாகிவிட்டது. எனக்கே பெருமை தாங்கவில்லை. அவர் மனைவி சமையலறையைப் பார்த்தார், திரும்பிக் கூடத்தைப் பார்த்தார்.

"இன்னா சார் இப்புடி பண்ணிட்டீங்க? இப்ப ஹால்தான் தீப்புடிச்ச மாதிரி கீது."

இடுப்பளவுக் கோடு

வேப்பம்பட்டில் பெருமாள் வீட்டில் நின்ற வெள்ளம், சுவரில் இடுப்பளவுக்கு மஞ்சளாய் ஒரு கோடு விட்டுப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்த ஒரு வரன், மழைக்கு மழை தண்ணீர் புகுகிற வீடு என்று தட்டிப்போய்விட்டதாம். இதுவும் போனால் தாங்கமாட்டேன் என்று மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், மனம் கேட்கவில்லை. மிஷின் வைத்து உலர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன். மகளுக்கு ஒரே சிரிப்பு.

"ஏம்ப்பா, நான் போயி வாழப்போறது அவங்க ஊட்ல. நம்ம ஊட்டுக்கு எதுக்கு இம்மாம் மேக்கப்பு?"

முழங்கால் அளவுக் கோடு

அடுத்த வாரமே கும்மிடிப்பூண்டியிலிருந்து வேறொரு அம்மா கூப்பிட்டார். அங்கேயும் சுவரில் கோடு. மகனுக்குப் பெண் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று. இனி பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரவேண்டும். அதற்குள் கோடு மறைந்தாக வேண்டும். பெண் எப்படி என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். செல்போனில் படத்தைக் காட்டினார். பெருமாள் மகள். நான் குனிந்து மிஷின் ஒயரைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"வேப்பம்பட்டுப் பொண்ணு நைனா. அவங்க ஊட்டுச் செவுத்துல ஒரு கறை கெடையாது, அந்தாண்டயெல்லாம் வெள்ளமே வராதாம். எங்க மானம் உன் கைலதான் கீது."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது; என்னைக் கண்டதும் இரண்டு வீட்டாரும் யாரோ எவரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள, நான் இரண்டு பக்கமும் மொய் எழுதிவிட்டு, பந்தியில் இரண்டு கப் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.