உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

ரெக்சின் ஒட்டுற சொல்யூஷன் வாடை... இன்னிக்கும் அது மூக்குல ஏறினா எழுந்து வெளிய போயிடுவேன்.

மஞ்சக்குப்பத்துல அப்ப ஒரு வண்டி பாடி கட்டுற பட்டறை. கம்பெனியிலேர்ந்து இன்ஜினும் சேசிஸும் மட்டும்தான் வரும். அதுமேல மர ஃப்ரேம் நிறுத்தி, அலுமினிய ஷீட்டை ரிவிட் அடிச்சு, கதவு மாட்டி முழு வண்டியா ஆக்குவாங்க. கதவு ஓரத்து இடைவெளியை அடைக்கிற ரப்பர் பீடிங் சப்ளை நான். தொழில் ஆரம்பிச்ச புதுசு.

அப்ப பக்கத்துல பக்கத்துல ரெண்டு வண்டி நின்னுது. ஒண்ணு சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ். இன்னொண்ணு சவ வண்டி. ஒரே அளவு, ஒரே ஃப்ரேம். சவ வண்டியோட பின்கதவுக்கு மட்டும் உள்பக்கம் கைப்பிடி வைக்க மாட்டாங்க.

"படுத்திருக்கறவரு எறங்கி ஓடவா போறாரு?"ன்னு தச்சு மேஸ்திரி சிரிப்பாரு.

பீடிங் சரியா உக்காந்துச்சான்னு பாக்க, உள்ள ஏறி கதவைச் சாத்திக்குவோம். எங்க வெளிச்சம் கசியுதோ, அங்க சந்து. சவ வண்டின்னா மட்டும் வெளிய ஒரு ஆளை நிறுத்திக்குவோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்... ரிவிட் அடிக்கிற பாய் தொழுகைக்குப் போயிட்டாரு, மத்தவங்க சாப்பாட்டுக்கு. நான் ஆம்புலன்ஸ்ல ஏறி பின்கதவை இழுத்தேன்.

டக்.

பொட்டு வெளிச்சம் இல்ல. நம்ம சரக்கு பிரமாதம்னு சந்தோஷமா கதவைத் தடவினேன்... கைப்பிடியைக் காணோம்.

ஜன்னலுக்கு இன்னும் ஷீட் வெட்டல, டிரைவர் பக்கமும் தடுப்பு. தரையில காலையிலதான் ரெக்சின் ஒட்டியிருந்தாங்க. வாடை தொண்டையைப் புடிச்சுது. தட்டினேன், ஒதைச்சேன், கத்தினேன். வெயில்ல அலுமினியம் கொதிக்குது. காத்து வர்ற இடுக்கையெல்லாம் நானே அடைச்சு வச்சிருக்கேன்...

சொல்ல வெக்கமில்ல, அழுதேன்.

எவ்வளவு நேரமோ தெரியல. பாய் குரல் கேட்டுது.

"யாருய்யா உள்ள?"

"நான்தான் பாய்... தொறங்க!"

வெளிய வந்து மண்ணுல விழுந்தேன். "மச்சான், இந்த வண்டிக்கு நீதான் மொத பேஷண்ட்டு"ன்னு சிரிச்சவரு, கதவோட உள்பக்கத்தைப் பாத்ததும் சிரிப்பை நிறுத்திட்டாரு. சவ வண்டிக் கதவை ஆம்புலன்ஸ்ல மாட்டியிருந்தாங்க.

மேஸ்திரி வந்து பாத்தாரு. "இதுல நோயாளியோட ஆளுங்க மாட்டிக்கிட்டிருந்தா..."ன்னாரு. சாயங்காலத்துக்குள்ள கதவை மாத்தினாரு. சவ வண்டிக் கதவுக்கும் உள்பக்கம் ஒரு கைப்பிடி வெச்சாரு. அந்த ஜோக்கை அப்புறம் சொல்லவே இல்ல.

இப்பல்லாம் ஆம்புலன்ஸ் ஏசி, ஆக்சிஜனோட ரெடியாவே வருது. போன மாசம் வீட்டுக்காரிக்கு நெஞ்சுவலி. கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கு ஏத்திட்டுப் போனோம். கதவைச் சாத்தினதும் என் கை தானா பின்னால துழாவுது.

"அங்க என்னா தேடுறீங்க... நான் இங்க இருக்கேன்"ன்னா.

கைப்பிடி தட்டுப்பட்டுச்சு. அப்புறம்தான் அவ கையைப் புடிச்சேன்.