அத்தானும் ஆடிட்டரும்

யாருடைய மேல்வரிசைப் பல்லையோ சாணை பிடித்துக்கொண்டே, "மச்சான், ராணியை மூலைக்கு அனுப்பிட்டா என்ன?" என்று கேட்பார் அத்தான். எந்த ராணி, எந்த மூலை என்று திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு விளக்க ஆரம்பித்துவிடுவார். அந்தப் பல்லுக்கு உரியவர் இன்னும் சில நாள் எதையும் கடிக்க முடியாமல் கிடக்க வேண்டியதுதான். "தாராளமா அனுப்பிடலாம் அத்தான்" என்று சொல்லிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

அத்தான் என் அக்காவின் கணவர். தொழில், பல் செட் செய்வது. பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அதற்கு ஈறும் பல்லும் வைத்துத் திருப்பி அனுப்புவார். அச்சுகளை வாங்கி வருவதும் முடிந்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அக்காவின் வேலை. அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பழகியவர்கள் அதிலேயே தொப்பியை மாட்டுவார்கள்.

வேலை மேசையின் ஒரு ஓரத்தில், ஈறு வார்க்கும் ரோஸ் நிறப் பொடி டப்பாக்களுக்கு நடுவில், ஒரு சதுரங்கப் பலகை. அத்தான் சதுரங்கம் ஆடுவதில்லை. ஆடினால் தோற்றுப்போவார். எனக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதே அரைகுறையாகத்தான் தெரியும், என்னிடமே தோற்றிருக்கிறார். "ஆட்டம்னா எதிராளி வேணும் மச்சான். அவன் நாம நினைச்சதை எங்க ஆடுறான்?" என்பார். அவர் செய்வது வேறு. காய்களைப் பலகையில் விசித்திரமாக அடுக்கி, இந்த நிலையிலிருந்து வெள்ளை இத்தனை நகர்வில் கறுப்பு ராஜாவை மடக்க வேண்டும் என்று புதிர் கட்டுவார். நாலு குதிரையும் நாலு மூலையில் நிற்கும். ராஜா எதிரிப் படைக்கு நடுவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். யானைகள் எல்லாம் ஒரே வரிசையில், பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல.

"நிஜ ஆட்டத்துல இப்படி வருமா அத்தான்?"

"வராது. வரவே கூடாது. வந்தா அப்புறம் நான் எதுக்கு?"

புதிருக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும் என்பது அந்த உலகத்தின் சட்டம். இரண்டாவது வழி ஒன்று இருந்துவிட்டால் புதிர் செத்தது. அந்த இரண்டாவது வழிக்கு அத்தான் வைத்திருக்கும் பெயர் ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிப்பவர் ஆடிட்டர். ஆடிட்டர் என்றால் பழைய மடிக்கணினியில் இருக்கும் ஒரு சதுரங்க மென்பொருள். அத்தான் மாதக்கணக்கில் செதுக்கிய நிலையை உள்ளே போட்டால், தும்முவதற்குள் ஓட்டையைக் காட்டிவிடும்.

இருந்தாலும் அத்தானுக்கு அதன்மேல் மரியாதை குறையவில்லை. ஆடிட்டரிடம் காட்டுவதற்கு முன் கை கழுவுவார், சட்டைப் பொத்தான்களை மேலே வரைக்கும் போட்டுக்கொள்வார், தலையைச் சீவுவார். "கணக்கு காட்டப் போறோம்ல, அழுக்குச் சட்டையோட போக முடியுமா?" ஓட்டை விழுந்த அன்று சோகத்தில் இரண்டு மடங்கு சாப்பிடுவார். அக்கா சமைக்கும்போதே முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்து, பொத்தான் மேலே வரை போட்டிருந்தால் கூடவே ஒரு கை அரிசி போடுவாள்.

அக்காவுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. "பல்லில்லாதவங்க எல்லாம் பட்டினி கிடக்கிறாங்க. இவரு இங்க குதிரை மேய்ச்சிக்கிட்டு இருக்காரு" என்பாள். பலகையைத் துடைக்கக்கூட மாட்டாள். தூசு தட்டும்போது அதைச் சுற்றிக்கொண்டு போவாள்.

ஓட்டை விழுந்தால் அடைப்பது எப்படி என்பதற்கு அத்தானிடம் ஒரே வைத்தியம்தான்: அந்த வழியில் ஒரு சிப்பாயைக் கொண்டுபோய் நிறுத்துவது. அது இன்னொரு ஓட்டையைத் திறக்கும். அங்கே இன்னொரு சிப்பாய். நாளாக ஆகப் பலகையில் நிற்க இடமிருக்காது. காய்களும் எல்லாம் அசல் இல்லை. காணாமல்போன யானைக்குப் பதில் தைல பாட்டில் மூடி. மந்திரி ஒருவர் ஈறுப் பொடியில் வார்த்தெடுத்தது. ரோஸ் நிறம், பார்த்தால் வாயில் போட்டு மெல்லத் தோன்றும். கையில் அகப்பட்டதை எடுத்து வைத்துவிட்டு, "இது சிப்பாய்னு வச்சுக்கோ" என்று தனக்கே சொல்லிக்கொள்வார்.

இப்படி அடைத்து அடைத்து, ஒரு நாள் மதியம், ஆடிட்டர் ஓட்டை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அத்தான் நம்பவில்லை. கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். தலையை மறுபடி சீவினார். அப்போதும் ஒரே விடை. அன்று அத்தான் சாப்பிடவே இல்லை. அக்கா என்னவோ ஏதோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அந்தப் புதிரின் விடை இதுதான். பலகையின் நடுவில், எல்லாரையும் மிரட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளை ராணி, யாரையும் வெட்டாமல், யாருக்கும் செக் சொல்லாமல், தூரத்து மூலைக்குப் போய் நின்றுகொள்கிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கறுப்பு எதை நகர்த்தினாலும் கெடுதல். நகர்த்தாமலும் இருக்க முடியாது. அத்தான் என் காதருகே வந்து சொன்னார்: "உங்க அக்காவுக்குக் கோவம் வந்தா கத்துவாளா? மாட்டா. போய் மூலையில உக்காந்துக்குவா. அப்புறம் வீட்டுல ஒருத்தன் அசைய முடியுமா? அதேதான் இது."

சதுரங்கப் புதிர்களுக்கென்றே வரும் ஒரு சின்னப் பத்திரிகை இருக்கிறது. ஆடிட்டர் வருவதற்கு முன்பு அத்தான் அனுப்பிய எல்லாவற்றையும் அது ஓட்டையோடு திருப்பி அனுப்பியிருக்கிறது. இந்த முறை ஏற்றுக்கொண்டது. புதிருக்குக் கீழே 'என் மனைவிக்கு' என்று ஒரு வரி போடச் சொல்லியிருந்தார். அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அச்சான பத்திரிகையை அவள் கையில் கொடுக்க வேண்டும், அப்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அத்தானுக்கு ஒரே கனவு. மனுஷனைக் கிண்டல் செய்தே பழகிய நான் அன்றைக்கு "சரி அத்தான்" என்று தலையாட்டினேன்.

இந்தச் சந்தோஷத்தில் பாட்டு டீச்சர் ஒருவரின் பல் செட் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. செட் தயார், ஒரே ஒரு பல்தான் குறை. செயற்கைப் பற்கள் சின்ன அட்டையில், மெழுகில் வரிசையாகப் பதிந்து வரும். டீச்சருக்கென்று நிறம் பார்த்து எடுத்த அட்டையில் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை. "கம்பெனிக்காரன் ஒண்ணு கம்மியா அனுப்பிட்டான் டீச்சர், வந்துடும்" என்று அத்தான் நல்ல மனசோடு சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சருக்கோ பாட்டு வகுப்பில் 'த' எல்லாம் காற்றாகப் போகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.

பத்திரிகை மாலையில் அச்சுக்குப் போகிற நாள் வந்தது. அன்று மதியம் டீச்சர் நேரில் வந்துவிட்டார். நானும் அக்காவும் இருந்தோம். அத்தான் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது டீச்சரின் பார்வை பலகைக்குப் போனது.

"அங்க நிக்கிறது என்ன, பல்லு மாதிரி இருக்கு?"

"அது சிப்பாய் டீச்சர்."

"அது என் பல்லு!"

எழுந்துபோய் வெடுக்கென்று எடுத்துவிட்டார். அத்தான் அலறினார். "ஐயோ, அதை எடுத்தா ஓட்டை விழுந்துடும்!"

"எடுக்கலைன்னா என் வாயில இருக்கே ஓட்டை, அது என்னவாம்?" என்று டீச்சர் பல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டு நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தார். பல்லோடுதான் போவதாக அறிவித்தார்.

அத்தான் அசடு வழிந்தார். கம்பெனிக்காரனிடம் மானசீகமாக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். பிறகு, பல் இருந்த இடத்தில் நிஜச் சிப்பாய் ஒன்றை வைக்கலாம் என்று காய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கறுப்புச் சிப்பாய்கள் சில இருந்தன. வெள்ளை ஒன்றுகூட இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். மேசைக்கு அடியில் தேடினார். பிறகு பலகையைப் பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார். முகம் பிளாஸ்டர் மாதிரி ஆகிவிட்டது.

சதுரங்கத்தில் ஒரு பக்கத்துக்கு எட்டுச் சிப்பாய்தான். பலகையில் எட்டு வெள்ளைச் சிப்பாய்கள் முழுசாக நின்றுகொண்டிருந்தன. டீச்சரின் கடைவாய்ப் பல் ஒன்பதாவது.

"ஆடிட்டர் ஒண்ணும் சொல்லலையே அத்தான்?" என்றேன்.

"அவருகிட்ட ஓட்டை இருக்கான்னுதான் கேட்டேன். ஆள் எத்தனைன்னு கேக்கலையே."

அந்தப் பத்திரிகையிலும் யாரும் எண்ணவில்லை. விட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அத்தான் தலையை ஆட்டினார். "என் பேரை யாரு வேணா கிழிக்கட்டும் மச்சான். ஆனா அந்தக் கடைசி வரி…" என்று அக்கா பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். போனை எடுத்துப் பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டார். கையில் பிளாஸ்டர் மாவு என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

விஷயத்தைக் கேட்டு ஆசிரியர் முதலில் சிரித்தார், பிறகு அழமாட்டாக்குறையாகப் பேசினார். "நாங்க மூணு பேரு விடை போட்டுப் பார்த்தோம் சார், ஒருத்தனுக்கும் எண்ணத் தோணலையே! சாயங்காலத்துக்குள்ள சரி பண்ண முடியுமா? இல்லைன்னா எடுத்துடறேன். கீழ 'என் மனைவிக்கு'ன்னு போட்டிருக்கீங்களே, அதையும் சேர்த்து எடுத்துடவா?"

போன் பேசி முடித்த பிறகு அறையில் சாணை இயந்திரம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா அதை நிறுத்தினாள்.

"என் மனைவிக்குன்னா, யாருக்கு?"

"உனக்குத்தான்" என்றார் அத்தான், திருடன் மாதிரி.

அக்கா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல்முறையாக அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வந்தாள். "இப்ப என்ன, அந்த இடத்துல ஏதாவது ஒண்ணு நிக்கணும், அவ்வளவுதானே?" என்று பெட்டியிலிருந்து ஒரு கறுப்புச் சிப்பாயை எடுத்து, சீனி தீர்ந்தால் வெல்லத்தைப் போடுகிற மாதிரி, பல் இருந்த கட்டத்தில் வைத்தாள்.

"அது எதிராளி சிப்பாய்! அதைப் போயி…" என்று ஆரம்பித்த அத்தான் பாதியில் நின்றார். பலகையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். எழுந்துபோய்க் கை கழுவினார். பொத்தானை மேலே வரை போட்டார். "சீப்பு எங்க?" என்று கத்தினார். டீச்சர் தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தார்.

ஆடிட்டர் உடனே ஓட்டையைக் காட்டினார். கறுப்புச் சிப்பாய் சும்மா நிற்காமல் ஒரு கட்டம் கீழே நடந்துவிடுகிறது. நடக்க ஆள் இருந்தால் கறுப்பு எப்படி மாட்டும்? அத்தான் நகத்தைக் கடித்தார். பிறகு ஓரத்தில் வேலையில்லாமல் நின்ற வெள்ளைச் சிப்பாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டுவந்து அதன் முகத்துக்கு நேராக நிறுத்தினார். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. மறுபடி ஆடிட்டர். கணினியின் காற்றாடி இரைந்தது. டீச்சர்கூட பல்லை மறந்து நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரே விடை. ராணி மூலைக்கு.

வெள்ளைச் சிப்பாய்களை அத்தான் எண்ணினார். அக்கா எண்ணினாள். நான் எண்ணினேன். டீச்சர் சத்தம் போட்டு எண்ணினார்; எல்லாம் காற்றாக வந்தாலும் எட்டுதான் வந்தது. ஆசிரியருக்குப் புது நிலை போனது, கடைசி வரியும் சேர்த்து. சரி என்று பதில் வந்த பிறகுதான் அத்தான் டீச்சரின் பல்லை வாங்கிச் செட்டில் வைத்துக் கொடுத்தார். டீச்சர் செட்டைப் போட்டுக்கொண்டு வாயை இரண்டு தடவை மென்று பார்த்துவிட்டு, முதல் வார்த்தையாகக் கணீரென்று, "தண்டம்!" என்றார். 'த' அவ்வளவு சுத்தமாக வந்ததில் அத்தானுக்கு ஒரே பெருமை.

டீச்சர் போன பிறகு அக்கா பலகையின் முன்னால் உட்கார்ந்தாள். "எனக்குன்னு போட்டிருக்கீங்களே, அப்படி என்னதான் இருக்கு இதுல? காட்டுங்க" என்றாள். அத்தான் காட்டினார். ராணியை நடுவிலிருந்து எடுத்து மூலையில் வைத்தார். கறுப்பு இப்படிப் போனால் இப்படி, அப்படிப் போனால் அப்படி என்று எல்லாவற்றையும் நகர்த்திக் காட்டினார்.  அக்கா முகவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வரை பார்த்துவிட்டு, ராணியை ஒரு விரலால் தொட்டாள்.

"நான் எப்ப மூலையில போய் உக்காந்தேன்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அலமாரியில் இருந்த தாடை ஒன்றை அக்கறையாகப் பார்த்தேன்.

"ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

எத்தனையோ வருஷமாக அத்தான் காத்திருந்த விமர்சனம் அது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. பெருமூச்சு விட்டுப் பலகையை ஆசையாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க, புருவம் மெல்லச் சுருங்கியது. கை பலகைப் பக்கம் நகர்ந்தது. "இந்த ஒரு சிப்பாய் மட்டும் இல்லாம இருந்தா இன்னும் எவ்வளவு…"

அக்கா அந்தக் கையைப் பிடித்து மேசையோடு அழுத்திக்கொண்டாள். அத்தான் இன்னொரு கையால் அந்தச் சிப்பாயை எடுத்தார்.