கையை வைத்துப் பார்த்த சம்பத் அண்ணன்

போன வாரம் ஓர் அம்மாவுக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சம்பத் அண்ணனின் மனைவி. "அவரு போய்ட்டாரும்மா. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

போளூரில் அவரிடம் லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொடுத்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். ஜவ்வாது மலைமேல் இ-சேவை மையம் நடத்தும் எனக்கு அவர் எப்படி அண்ணன் ஆனார் என்பது உங்களுக்குத் தெரியாது.

மையத்துக்குப் புது லேப்டாப் வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. காலையில் நன்றாக ஓடும். பத்து மணிக்கு மேல் நகராது. கைரேகை மெஷினைச் செருகினால் பொசுக்கென்று அணைந்துவிடும். வாங்கிய கடையில் கேட்டால், மலையில் டவர் சரியில்லை என்றார்கள். எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட மறுநாளே கடைசி. "அக்கா, இன்னிக்கும் ஆவாதா?" என்று ஒரு பெண் கேட்டபோது அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யாரோ கொடுத்த நம்பருக்குப் போன் போட்டு, மையத்தையே மூடப்போகிறேன் என்று கத்தினேன். "மூடறது இருக்கட்டும். காலைல மொத பஸ்ஸுக்கு வர்றேன்" என்றார் அந்த முன்பின் தெரியாத மனிதர்.

வந்தவர், நான் சொன்ன டவர் கதையைக் கேட்டுக்கொண்டே லேப்டாப்பின் அடியில் கையை வைத்தார். "யப்பா, கொதிக்குதே! இன்னாம்மா இது?" பின்பக்கம் காற்று போகும் ஓட்டைகள் முழுக்கக் காய்ந்த சந்தனமும் குங்குமமும். வாங்கிய அன்று பூஜை போட்டேன். புது மூடி கறையாகக் கூடாதே என்று பின்பக்கம் பொட்டு வைத்தேன். பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அதன்மேலேயே இன்னொன்று! எனக்கு மானமே போயிற்று.

அவர் சிரிக்கவில்லை. கழற்றி, பிரஷ்ஷால் குங்குமத் தூளைத் தட்டி, உள்ளே இருந்த ஃபேனைத் துடைத்து மாட்டினார். அப்புறம் சந்தனம் கேட்டு வாங்கி, மூடியின் மூலையில் தன் விரலாலேயே பொட்டு வைத்தார். "இங்க வெச்சாலும் சாமிக்குத் தெரியும். அது மூச்சு வுடணும் இல்ல?" அன்று மாலைக்குள் எல்லாப் பிள்ளைகளின் விண்ணப்பமும் போய்விட்டது.

அதன்பின் எந்தக் கோளாறென்றாலும் அவர்தான். "யாரு இன்னா சொன்னாலும் நம்பாத, கைய வெச்சிப் பாரு" என்பார்.

கடைசியாகப் போன மாதம் வந்தார். மையத்தின் நாலு படியில் இரண்டு முறை நின்றார். சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது.

"இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்லம்மா. வெயிலு."

அன்று வெயிலே இல்லை. நான் டீ போட்டுக் கொடுத்தேன். டவர் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. வெயில் என்று அவர் சொன்னதை நான் நம்பிவிட்டேன். பாவி, ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

மூடியில் அவர் வைத்த பொட்டு பாதி உதிர்ந்துவிட்டது. அதன்மேல் வேறு வைக்க மனம் வரவில்லை. நேற்று பென்ஷன் கேட்க வந்த பெரியவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லம்மா, நடந்து வந்தேன்" என்றார். எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது. வேலை நேரத்தில் முதல்முறையாக மையத்தைப் பூட்டிவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அண்ணா.