பால்குடத்தன்று அண்ணன் உடம்பில் இருந்த சூடு

எங்கள் அண்ணன் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். அப்பா காலமானதும் படிப்பை விட்டார். ஈப்போவில் லோரி ஓட்டி, தங்கையான என்னைப் படிக்க வைத்தார். தோட்டம் விற்கப்பட்டு ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனை மரமாகிவிட்டது. நடுவில் அம்மன் கோவில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கு அண்ணன் தவறாமல் போய்ச் சமையல் கொட்டகையில் உட்கார்ந்துகொள்வார். உறுமி மேளம் கேட்டால் கிளம்பச் செருப்பைத் தேடுகிற ஆள். சாமியாடுகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

அவருக்குக் கோவிட் வந்தது, லேசாகவே வந்து போனது. அண்ணி நேர்ந்துகொண்ட பால்குடத்தை முணுமுணுத்துக்கொண்டே எடுக்கச் சம்மதித்தார்.

சில வாரம் கழித்துத் திருவிழா. அன்று காலை அவர் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. மார்பில் தடிப்புத் தடிப்பாகச் சிவப்பு. குடத்தைத் தலையில் வைத்ததும் உடம்பு நடுங்கியது.

"ஆத்தா வந்துட்டா லா!" என்று யாரோ கத்தினார். உறுமி ஓங்கியது. காலில் விழுந்தவர்கள் எல்லாரும் அவர் உடம்பின் சூட்டைத் தொட்டார்கள். மஞ்சள் நீர் ஊற்ற ஊற்ற உடம்பு கொதித்தது. குறி கேட்டார்கள், அண்ணன் சொன்னார். அது நான் அறிந்த குரல் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பூசாரி திருநீறு பூசிச் சாமியை மலையேற்றினார். நடுக்கம் நிற்கவில்லை. பூசாரியின் முகம்தான் முதலில் மாறியது. "தங்கச்சி, இது சாமி இல்லம்மா. ஆசுபத்திரிக்குப் போலாம், சீக்கிரம்."

கிருமி போய்ச் சில வாரங்கள் கழித்து, பெரியவர்கள் சிலருக்கு உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளுமாம். கண், தோல், பிறகு இதயம். அபூர்வம் என்றார் மருத்துவர். "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். ஆத்தா வந்த நேரத்தைத்தான் நாங்கள் சொன்னோம். மருந்து கொடுத்தார்கள். அண்ணனின் இதயம் தாங்கவில்லை.

பூசாரி ஐயாவுக்கும், தம் வேனில் எங்களை ஏற்றிச் சென்ற அண்டை வீட்டாருக்கும், தாதியருக்கும், அண்ணன் மறைந்த இந்த ஓராண்டாக அண்ணியைத் தனியே விடாத உங்களுக்கும் எங்கள் நன்றி. அன்று அவர் காலில் விழுந்த யாரையும் நாங்கள் குறை நினைக்கவில்லை. கோவிட் வந்து போனவருக்குச் சில வாரத்தில் காய்ச்சலும் கண் சிவப்பும் வந்தால், தயவுசெய்து முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒன்றை எழுதும்படி அண்ணி கேட்டுக்கொண்டார். அன்று மலையேற்றுவதற்கு முன், கூட்டம் சற்று விலகியதும் அவரும் அண்ணன் முன் நின்று குறி கேட்டிருக்கிறார். "தாயே, எம் புருஷனுக்கு இனிமே ஒன்னும் ஆகாதுல்ல?"

அண்ணன் அவரை யாரோ போலப் பார்த்து, "அவன நான் பாத்துக்கிறேன்" என்றாராம். அண்ணி மனம் நிறைந்து கையெடுத்துக் கும்பிட்டாராம்.